டெஸ்ட்டுக்கு அப்புறம் பாலத்தோட பைல் நீளம் கூடினா குற்றமா?

தமிழ்நாடு-கேரள எல்லைல வாளையார் தாண்டி நடக்கிற பால வேலை விஷயம் ரெண்டு நாளா எல்லார் வாயிலயும் ஓடுது. பைல்னா பாலத்தைத் தாங்க மண்ணுக்குள்ள ஆழமா இறக்கற கான்கிரீட் தூண். அதுமேல சுமை ஏத்திப் பார்க்கிற லோடு டெஸ்ட் முடிஞ்சதும், முதல்ல வரைஞ்சதைவிட பைல் நீளத்தை 3 மீட்டர் கூட்டியிருக்காங்க. உடனே "வரையும்போதே தெரியாதா சாரே?"ன்னு கேரளப் பக்கம் கிண்டல். நம்ம பக்கம் அதைவிட மோசம்: "காப்பியடிச்சுப் பாஸானவன் போல."

தெரியாதுங்க. அதுதான் பதில். தெரியாததாலதான் டெஸ்ட்டே.

பாலக்காட்டுக் கணவாய் மண்ணு தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்ல. மேல செம்மண், கீழ சிதைஞ்ச நைஸ் பாறை. மண்ணு பார்க்கத் துளைக்கிற ஒரு போர்ஹோல்ல 9 மீட்டர்ல கெட்டிப் பாறை, பக்கத்துல 14. நடுவுல உருட்டுப்பாறை வேற. துளைக்கிற சிசில் (உளி) அந்த உருட்டுப்பாறைல தட்டி நின்னதும் "பாறை வந்தாச்சு"ன்னு சாக்கெட், அதாவது பைல் பாறைக்குள்ள இறங்கின ஆழம், எழுதிட்டுப் போறதும் நடக்கும்.

கணக்காவே பார்ப்போம். ஒரு உதாரணத்துக்கு, பைல் மேல வர்ற சுமை சராசரி 1000 கிலோநியூட்டன், அதுல ஏற்ற இறக்கத்தைச் சொல்ற திட்டவிலக்கம் 100. பைல் தாங்குதிறன்ல நம்ம சந்தேகம், அதாவது அதோட திட்டவிலக்கம், சராசரில 25 விழுக்காடு. ரெண்டும் நார்மல் பரவல்னு வெச்சுக்கலாம். எவ்வளவு நம்பலாம்னு காட்டற நம்பகக் குறியீடு பீட்டா 3 வேணும், அதாவது சுமார் 740-ல ஒண்ணுதான் தோற்கணும். டெஸ்ட்டே இல்லாம இதை அடையணும்னா சராசரி தாங்குதிறன் 4060 தேவை. டெஸ்ட் செஞ்சு சந்தேகம் 10 விழுக்காடா குறைஞ்சா 1555 போதும். அதே சுமை, அதே பீட்டா. நடுவுல இருக்கிற 2500 கிலோநியூட்டன் முழுக்க நம்ம அறியாமைக்குக் கட்டின விலை.

அதனால நடைமுறைல 2000-க்கு வரையறாங்க. அப்படியே விட்டா பீட்டா 2 கூட வராது, நிஜந்தான். ஆனா அப்படியே விடறதில்லையே. டெஸ்ட்ல 1555-க்கு மேல வந்தா ஏத்துக்கறது, கீழ வந்தா நீளம் கூட்டறது. இதே எண்களுக்கு சுமார் ஆறுல ஒரு தடவை மாத்த வேண்டி வரும்னு வரையும்போதே தெரியும். தெரிஞ்சே எடுத்த முடிவுங்க அது, தப்பு இல்ல. ரொம்ப நல்லா வந்தா மீதி பைல்களுக்கு நீளத்தைக் குறைக்கவும் செய்யலாம். அப்படிக் குறைச்சா யாரும் பாராட்டிப் பதிவு போடறதில்ல, அது வேற கதை.

நம்ம ஊர்ல தண்ணிக்கு போர்வெல் போடறோம். 600 அடில ஈரப்பசை கூட இல்லேன்னா "இன்னொரு 200 விடுங்க"ங்கிறோம். ரிக்காரரைப் பார்த்து "முன்னாடியே தெரியாதா"ன்னு யாராவது சிரிச்சீங்களா? கூட நின்னு தேங்காய் உருட்டிப் பார்த்தவருக்கும் மரியாதைதான். இன்ஜினியர்னா மட்டும் முதல் வரைபடத்துலயே முக்காலமும் தெரிஞ்சிருக்கணும்.

"தாங்குதிறனை 2.5-ஆல வகுத்துத்தானே சுமை ஏத்தறீங்க, பாதுகாப்புக் காரணி இருக்கே, அப்புறம் என்ன?"ம்பாங்க. இருக்கு. ஒரு பைல் தானா பலவீனமா வர்றது ஒரு ரகம், பக்கத்துப் பைல் கொஞ்சம் கைகொடுக்கும். மண்ணைப் பத்தின நம்ம அனுமானமே தப்புன்னா எல்லாப் பைலும் சேர்ந்தே தப்பு. அங்க எண்ணிக்கை காப்பாத்தாது, அளந்தாத்தான் உண்டு.

"காசு தின்னத்தான் மாத்தறாங்க"ங்கிறது அடுத்தது. இதுல பாதி ஒத்துக்கறேன். எல்லாப் பைலும் வார்த்து முடிச்சுட்டு டெஸ்ட் செஞ்சா, நீளம் கூட்ட வழியே இல்ல. புதுப் பைல், பைல்களை மேல சேர்த்துக் கட்டற பைல் கேப்பும் பெருசு, செலவு எங்கயோ போகும். அப்படிச் செஞ்சவங்களைத் திட்டுங்க. இங்க வேலைக்கு முந்தின இனிஷியல் டெஸ்ட்லயே கண்டுபிடிச்சாங்க. அதுக்கா இந்த அர்ச்சனை?

1969-லயே மண் பொறியியல் அறிஞர் ரால்ஃப் பெக் ரேங்கின் சொற்பொழிவுல இந்த முறையை விளக்கிட்டார்: கவனிச்சு மாத்தலாம், ஆனா எது வந்தா என்ன செய்வோம்னு முன்னமே முடிவு பண்ணியிருக்கணும். அது இல்லாம மாத்தினாத்தான் தடுமாற்றம். இங்க அப்படி முன்னமே முடிவு பண்ணின தாள் இருக்கான்னு கேட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் தோணல, மீம் போட மட்டும் நேரம் இருந்திருக்கு. வரையறவனுக்கும் வீட்ல ஃபோன் இருக்குங்க, அவன் பிள்ளைங்களும் படிக்கும்.

முதல்லயே 4060 போட்டு கான்கிரீட்டைக் கொட்டியிருந்தா "உறுதியான பாலம்"னு கைதட்டியிருப்பீங்க. வரிப்பணம்னு அப்ப ஞாபகம் வராது.

திட்டித்தான் ஆகணும்னா டெஸ்ட் ரிப்போர்ட்டை வாங்கிப் படிங்க. சுமை ஏத்தற ஜாக்கோட அளவு சரிபார்த்த (காலிபரேஷன்) தேதி என்ன? டெஸ்ட் சுமை வடிவமைப்புச் சுமைல 2.5 மடங்கு வரைக்கும் போச்சா? 12 மி.மீ. அமிழ்வு வந்த சுமைல மூணுல ரெண்டு பங்கைப் பாதுகாப்பான சுமையா எடுத்தாங்களா? அமிழ்வை அளக்கிற டயல் கேஜ் மாட்டின பீமுக்கு நிழல் இருந்துச்சா? வெயில்ல பீம் வளைஞ்சா பைல் அசையாமலே ஊசி அசையும். இதுல ஓட்டை இருந்தா சொல்லுங்க, நானும் சேர்ந்து திட்டறேன்.