புல் செதுக்கினால் கணக்கு, ஃபாரம் நிரப்பினால்?

போன டிசம்பரில் மகள் என்.எஸ்.எஸ். முகாம் முடிந்து, கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பினாள். (எங்கள் பக்கம் என்.எஸ்.எஸ். என்றதும் "நாயர் சங்கமா?" என்பார்கள். இது நாட்டு நலப்பணித் திட்டம்.) ஏழு நாளும் ஒரு பள்ளி மைதானத்தில் புல் செதுக்கினார்களாம், கையெல்லாம் கொப்புளம். முந்தைய வருடம் வந்த பிள்ளைகள் செதுக்கியதும் அதே மைதானத்தைத்தான். புல்லுக்கென்ன, ஒரு மழை போதும்.

திட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, நானும் அந்த முகாம் கஞ்சியைக் குடித்தவன்தான். 1959-ல் அரசு அமைத்த தேஷ்முக் குழு, கல்லூரிக்குப் போகும் முன் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை எல்லோருக்கும் கட்டாய சேவை என்று சொல்லிப் பார்த்தது. நல்லவேளை, நடக்கவில்லை. விருப்பமுள்ளவர்கள் வரட்டும் என்று 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு இது தொடங்கியது. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, கூடவே ஒரு முகாம்.

அந்த மணிக்கணக்கை எழுதும் டைரியில்தான் வில்லங்கம்.

முகாம் முடிந்த பிறகு மகள் மூன்று சனிக்கிழமை அக்ஷயா சென்டர் (கேரள அரசின் இ-சேவை மையம்) வாசலில் போய் உட்கார்ந்தாள். பென்ஷன் மஸ்டரிங்குக்கு, அதாவது உயிரோடு இருப்பதைப் பதிவு செய்ய, வரும் பாட்டிகளுக்குப் பேச்சு தமிழ், கையில் இருக்கும் காகிதமோ மலையாளம். "கண்ணு, இதுல என்ன போட்டிருக்குதுன்னு பாரு" என்று ஒரு பாட்டி நீட்டினார். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவர். ஆதாரில் பேர் 'அம்மாள்' என்று முடிகிறது, ரேஷன் கார்டில் 'அம்மா'. அந்த ஒரு 'ள்' போனதற்கு மூன்று தடவை பஸ் ஏறி வந்திருக்கிறார். மகள் கூடவே இருந்து திருத்த மனு எழுதிக் கொடுத்தாள், இரண்டு மணி நேரம் ஆனது.

டைரியில் எழுதப் போனால், பொறுப்பாசிரியர் குரூப் போட்டோ கேட்கிறார். அவர் நல்ல மனிதர்தான், மேலே அவரிடம் அதைத்தானே கேட்கிறார்கள். பேனர் இல்லை, போட்டோ இல்லை, அந்த மணி நேரங்கள் கணக்கில் ஏறவில்லை.

இன்னொன்று. கேரளத்தில் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்று ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. அதுவும் 1969-தான்! இந்த எல்லையோரம் வாளையாறிலிருந்து மீனாட்சிபுரம் வரை எத்தனை பாட்டிகளுக்கு இது தெரியும்? இரண்டு மொழியும் தெரிந்த நம் பிள்ளைகளைவிட்டால் யார் போய்ச் சொல்வது?

2023-ல் இளைஞர் சேவைக்கென்று மத்திய அரசின் மை பாரத் இணையதளம் வந்தது. அங்கேயும் எத்தனை லட்சம் பேர் பதிந்தார்கள் என்பதுதான் பேச்சு. தலையை எண்ணுவது சுலபம், சரி. ஆனால் ஒரு கல்லூரியின் என்.எஸ்.எஸ். யூனிட் தத்தெடுத்த கிராமத்துக்கு என்ன வேலை வேண்டும் என்பதைக் கிராம சபை சொல்லட்டும். அதே யூனிட் அங்கே நாலைந்து வருடம் தொடர்ந்து போகட்டும். போட்டோவுக்குப் பதில் வார்டு மெம்பர் கையெழுத்து போதும். இதற்குப் புதுத் திட்டமோ கோடியோ தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். 2018 வெள்ளத்தில் அரிசி மூட்டை இறக்கிய பையன்களிடம் யாராவது டைரி கேட்டோமா?

பாட்டியின் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை மகளுக்குப் பரீட்சை, நான் போகிறேன். மலையாளம் சரளமாகப் படிப்பேன், எழுத்துதான் கொஞ்சம் கோணல்.