கூட்டம் முடிஞ்ச பிறகு நடக்குற கூட்டம்

போன வாரம் எங்க தொழில்முறைச் சங்கத்தோட செயற்குழுக் கூட்டத்துல மறுபடியும் அதே கேள்வி வந்துச்சு, "லேடீஸ் மெம்பர்ஸ் ஏன் வரமாட்டேங்குறாங்க?"ன்னு. கேட்டவர் நல்ல மனுஷர், உண்மையான அக்கறையோடதான் கேட்டார். உக்காந்திருந்தது 16 பேர், அதுல பெண்கள் நாங்க 2 பேர். மொத்த ரூமும் எங்க ரெண்டு பேரையும் திரும்பிப் பாத்துச்சு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள "சரி, அதை அப்புறம் பாத்துக்கலாம்"னு அடுத்த பொருளுக்குப் போயிட்டாங்க. அந்த 'அப்புறம்' எப்பவும் வராதுன்னு 14 வருஷமா பாத்துட்டு இருக்கேன், அதனால சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிடுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

சங்கத்துல சேந்த புதுசுல முதல் 5 வருஷம் நான் சந்தா கட்டுனேன், கூட்டத்துக்குப் போனேன், அவ்வளவுதான். பின்னாடி பாத்து ஒரு நாற்காலில உக்காருவேன், பேச வந்தவர் பேசுறதைக் கேப்பேன், நன்றியுரை முடிஞ்சதும் பையை எடுத்துட்டு கிளம்பிடுவேன். நான் கிளம்புன பிறகுதான் சங்கமே ஆரம்பிக்குதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. வாசல்ல, வண்டி நிறுத்துற இடத்துல, 6 பேர் 7 பேரா நின்னு ஒரு மணி நேரம் பேசுவாங்க. அடுத்த தலைவரா யாரை நிறுத்தலாம், வருஷாந்திர கருத்தரங்குல யாரைப் பேச வைக்கலாம், எந்த இடத்துல ஆள் எடுக்குறாங்க, எந்த கமிட்டில யார் சரிப்பட்டு வருவாங்க, எல்லாமே அங்கதான். அடுத்த கூட்டத்துல அது தீர்மானமா வரும், ஒருத்தர் முன்மொழிவார், ஒருத்தர் வழிமொழிவார், 2 நிமிஷத்துல கைதட்டி முடிச்சிடுவோம். விதிப்படி பாத்தா எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கும்.

இதுல யாரும் திட்டம் போட்டு பெண்களை ஒதுக்கலைங்க, அதை அழுத்தமாவே சொல்றேன். நாலு பேர் நின்னா பேச்சு வரத்தான் செய்யும். ஆனா ராத்திரி 9 மணிக்கு மேல வாசல்ல நிதானமா நின்னு பேச யாரால முடியுதோ அவங்க கைக்குத்தான் சங்கம் போகுது, வீட்ல சின்னக் குழந்தையோ படுத்த படுக்கையா மாமியாரோ இருக்குறவ அந்த வட்டத்துல எப்படி நிப்பா? நின்னாலும், 7 ஆண்கள் பேசிட்டு இருக்குற இடத்துல போய் தானா நுழைஞ்சு நிக்குறது எவ்வளவு கஷ்டம்னு அப்படி நின்னு பாத்த பெண்ணுக்குத்தான் தெரியும்.

இந்த வாசல் பேச்சை வெட்டிப் பேச்சுன்னு நினைக்காதீங்க. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியல் அறிஞர் 1973ல ஒரு கட்டுரை எழுதினார். தெரிஞ்சவங்க மூலமா வேலை மாறினவங்களைத் தேடிப்பிடிச்சு, அந்தத் தகவலைச் சொன்னவரை நீங்க எத்தனை தடவை பாப்பீங்கன்னு கேட்டிருக்கார். பெரும்பாலானவங்க எப்பவாவது பாப்போம், அபூர்வமா பாப்போம்னுதான் சொல்லியிருக்காங்க. யோசிச்சா நியாயமாத்தான் இருக்கு, நம்ம நெருங்கின தோழிக்குத் தெரிஞ்சது நமக்கும் ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், புது சேதி வேற வட்டத்துல இருந்துதான் வரணும். ஒரு சங்கம் தர்ற பெரிய விஷயமே இந்த அரைகுறைப் பழக்கம்தான், மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாத்து "எப்படி இருக்கீங்க, இப்ப எங்க இருக்கீங்க"ன்னு கேக்குற பழக்கம். அதுதான் கூட்டம் முடிஞ்ச உடனே கிளம்புறவளுக்குக் கிடைக்காமப் போகுது. அவளும் அதே சந்தாதான் கட்டுறா.

முன்னாடியெல்லாம் சங்கங்கள்ல பெண்களுக்குக் கதவு வெளிப்படையாவே மூடியிருந்துச்சு. ஹெர்தா அயர்ட்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர், மின்வில் விளக்குகள் (ஆர்க் லேம்ப்) ஏன் உஸ்ஸுன்னு இரையுதுன்னு கண்டுபிடிச்சவங்க. பிரிட்டன்ல மின் பொறியாளர்கள் சங்கம் 1899லேயே அவங்களை முதல் பெண் உறுப்பினரா சேத்துக்கிச்சு. ஆனா 1902ல அங்க இருக்குற பெரிய அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்கு அவங்க பேரை முன்மொழிஞ்சப்போ, கல்யாணமான பெண்ணை ஃபெல்லோவா, அதாவது உறுப்பினரா எடுக்க சட்டத்துல இடம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. 1904ல அவங்களே அங்க போய் தன்னோட கட்டுரையை வாசிச்சாங்க, 1906ல அதே ராயல் சொசைட்டி அவங்களுக்கு ஹ்யூஸ் பதக்கம் குடுத்துச்சு, ஆனா கடைசி வரைக்கும் ஃபெல்லோ ஆக்கலை. மொத மொதல்ல 2 பெண்களை அங்க தேர்ந்தெடுத்தது 1945ல, கேத்லீன் லான்ஸ்டேல், மார்ஜரி ஸ்டீஃபன்சன். ஒரே ஊரு, ஒரே பெண்மணி, ஒரு சங்கத்தால சேத்துக்க முடிஞ்சது இன்னொண்ணால முடியலைன்னா, குறை அந்த அம்மாகிட்ட இல்லைங்குறது தெளிவாத் தெரியுதுல்ல? அதனாலதான் "பெண்களுக்கு இதுல ஆர்வம் கம்மி"ன்னு யாராவது சொன்னா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

இப்ப எங்க சங்க விதியில பெண் கூடாதுன்னு இல்ல. "எல்லாரும் வரலாம், எல்லாரும் பேசலாம்"னு பெருமையாச் சொல்றோம். எல்லாரும் வரலாம்னு சொன்னா ஏற்கனவே வர்றவங்கதான் வருவாங்க. என்னை உள்ள கொண்டு வந்தது அந்த வாக்கியம் இல்ல, ஒரு போன் கால். 6ஆவது வருஷம், சங்கத்துல மூத்தவங்க ஒருத்தங்க, நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன், அதுக்கு முன்னாடி ரெண்டே தடவைதான் பேசியிருப்போம், போன் பண்ணி "வர்ற கருத்தரங்குல மத்தியான அமர்வை நீதான் நடத்துற, 40 நிமிஷம், 3 பேர் பேசுவாங்க, நேரம் பாத்துச் சொல்லணும், கேள்வி வாங்கிக் குடுக்கணும், நான் முதல் வரிசைலதான் உக்காந்திருப்பேன், பயப்படாத"ன்னாங்க. எனக்குப் பழக்கம் இல்லக்கான்னு இழுத்தேன். "அதுக்குத்தான் 40 நிமிஷம் குடுத்திருக்கேன், முழு நாளா குடுத்தேன்?"ன்னு கேட்டு போனை வெச்சிட்டாங்க. அன்னிக்கு முடிஞ்சதும் என்னைக் கையைப் பிடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டுப் போய் அந்த 7 பேர் வட்டத்துல நிறுத்தி, இவ இந்தத் துறையில இந்த வேலை பண்றா, இதுல சந்தேகம்னா இவகிட்ட கேளுங்கன்னு சொன்னாங்க. யாரோட மனைவி, யாரோட பொண்ணு, எத்தனை குழந்தைங்குறதெல்லாம் பேச்சுலயே வரல. அடுத்த வாரமே அதுல ஒருத்தர் ஒரு சந்தேகம் கேட்டு போன் பண்ணார். அன்னிலேருந்துதான் நான் உண்மையில உறுப்பினர்.

அதனால பெண்கள் வரணும்னு நினைக்குற எந்த சங்கத்துக்கும் நான் முதல்ல சொல்றது, பொதுவா அழைக்குறதை விட்டுட்டு பேர் சொல்லிக் கூப்பிடுங்க, கூப்பிடும்போதே என்ன வேலை, எவ்வளவு நேரம், யார் துணைக்கு இருப்பாங்கன்னு சேத்துச் சொல்லுங்க. உறுப்பினர் பட்டியலை எடுத்து வெச்சு, 2 வருஷமா கூட்டத்துக்கு வராத பெண்கள் யார் யாருன்னு பாத்து, ஆளுக்கு 3 பேர்னு செயற்குழுவுல பிரிச்சு போன் பண்ணுங்க. குரூப்ல போடுற மெசேஜ் இதுக்கு ஆகாது.

எந்த வேலைக்குக் கூப்பிடுறோம்ங்குறது அதைவிட முக்கியம், இதுல எனக்கு ரொம்ப நாளா கோவமே இருக்கு. வரவேற்பு, தொகுத்து வழங்குறது, மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதுறது, பேட்ஜ் குத்துறது, போட்டோ எடுக்க ஆள் ஏற்பாடு பண்றது, இதெல்லாம் பெண்கள். பொருளாளர், தேர்தல் அதிகாரி, கருத்தரங்குக் குழுத் தலைவர், விருதுக் குழு, இதெல்லாம் ஆண்கள். "அவங்களா முன்வந்து செய்றாங்கம்மா, நாங்க என்ன கட்டாயமா படுத்தினோம்"னு சொல்வாங்க. லிண்டா பாப்காக், லிஸ் வெஸ்டர்லண்ட் உட்பட 4 ஆய்வாளர்கள் 2017ல வெளியிட்ட ஆய்வுல இதைத்தான் சோதிச்சாங்க. யாராவது ஒருத்தர் செஞ்சாகணும், ஆனா செய்றவருக்கு லாபம் கம்மி, அப்படி ஒரு வேலையைக் குழுவுல வெச்சாங்க. ஆணும் பெண்ணும் கலந்த குழுவுல ஆண்களோட ஒப்பிட்டா பெண்கள் கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு முன்வந்தாங்க. ஆண்கள் மட்டும் இருந்த குழுவுல? ஆண்களே முன்வந்து செஞ்சாங்க, பெண்கள் மட்டும் இருந்த குழுவுல எவ்வளவு முன்வந்தாங்களோ அதே அளவு. அப்ப பெண்ணோட சுபாவம்னு சொல்றது எப்படி பொருந்தும்? அவ செய்வான்னு எல்லாருமா சேந்து காத்திருக்கோம், அவளும் மௌனம் தாங்காம கையைத் தூக்கிடுறா. மினிட்ஸை முறை வெச்சு எழுதுங்க, அகர வரிசைப்படி, தலைவர் உட்பட. எழுதுறவங்களால பேச முடியாதுங்குறது எழுதிப் பாத்தவங்களுக்குத் தெரியும், நான் 3 வருஷம் எழுதியிருக்கேன், அந்த 3 வருஷ மினிட்ஸ்ல என் கருத்துன்னு ஒரு வரி கிடையாது.

பேசுறதுன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. கேள்வி நேரத்துல பெண்கள் கை தூக்குறது குறைவுன்னு எல்லாருக்கும் தெரியும். 2018ல வந்த ஒரு ஆய்வு 10 நாடுகள்ல 247 கல்விக் கருத்தரங்குகளை உக்காந்து கவனிச்சிருக்கு, கேள்வி கேக்குறவர் ஆணா இருக்குற வாய்ப்பு பெண்ணைவிட ரெண்டரை மடங்கு. ஆனா அதே ஆய்வுல முதல் கேள்வி ஒரு ஆண்கிட்டேருந்து வந்த கூட்டங்கள்ல பிறகு பெண்கள் கேக்குறதும் இன்னும் குறைஞ்சிருக்கு. இதைப் படிச்சதுலேருந்து நான் அமர்வு நடத்தும்போதெல்லாம் முதல் கேள்வியை ஒரு பெண்கிட்டதான் குடுக்குறேன். முன்கூட்டியே ஒருத்தங்ககிட்ட சொல்லியும் வெச்சிடுவேன். அதுக்கப்புறம் பின் வரிசைலேருந்து ரெண்டு மூணு கை எழும்பும் பாருங்க, எனக்கு இன்னிக்கும் சந்தோஷமா இருக்கும்.

மகளிர் அணி பத்தி கேப்பீங்க. இருக்கட்டும், வேணும். ஆண்கள் இல்லாத இடத்துல சம்பளம் எவ்வளவு கேக்கலாம், வேலைக்கு இடைவெளி விட்டுட்டு எப்படித் திரும்பி வர்றதுன்னு மனசு விட்டுப் பேச முடியும், புதுசா வந்த பொண்ணுக்கு 4 அக்காக்கள் கிடைப்பாங்க. ஆனா அந்த அணிக்குத் தனி நிதி ஒதுக்கீடும், அதோட தலைவிக்கு செயற்குழுவுல ஓட்டோட ஒரு இடமும் விதியிலேயே எழுதியிருக்கணும். அது ரெண்டும் இல்லாம வருஷத்துக்கு ஒரு தடவை மார்ச் 8க்கு மட்டும் கூட்டம் போடுற அணியா இருந்தா, பெண்களைத் தனி ரூம்ல உக்கார வெச்சிட்டு முக்கியமானதை வழக்கம்போல வாசல்லயே பேசிக்கிற மாதிரிதான் ஆகும்.

நேரம், குழந்தையைப் பாத்துக்க ஆள், ஆன்லைன்ல சேர வசதி, இதெல்லாம் பலரும் பேசிட்டாங்க, நான் திரும்பச் சொல்லல. ஆன்லைன் பத்தி ஒண்ணே ஒண்ணு, அதுல சேர்றவங்களுக்கு மேடைப் பேச்சு கேக்குது, வாசல் பேச்சு கேக்காது. அதனால வாசல் பேச்சை உள்ள கொண்டு வரணும்.

அடுத்த மாசக் கூட்டத்துல 2 விஷயத்தை எழுதிக் குடுக்கப் போறேன். ஒண்ணு, 7 மணிக்கு ஆரம்பிச்சு 9க்கு முடியுற கூட்டத்துல நடுவுல அரை மணி நேரம், நிகழ்ச்சி நிரல்லயே போட்டு, ஒவ்வொருத்தரும் தனக்குத் தெரியாத 2 பேர்கிட்ட பேசுறதுக்குன்னே ஒதுக்கணும், பேச்சாளர் நேரத்தைக் குறைச்சாலும் பரவாயில்ல. இன்னொண்ணு, கமிட்டிகளுக்கு யாரைப் போடுறதுங்குறதைக் கூட்டத்துக்கு 2 வாரம் முன்னாடியே எல்லா உறுப்பினருக்கும் அறிவிச்சு, விருப்பம் கேட்டு, எழுத்துல பேர் வாங்கணும். முன்மொழிய நான் இருக்கேன். வழிமொழிய ஒருத்தர் வேணும், அது அந்த வாசல் வட்டத்துல நிக்குறவங்கள்ல ஒருத்தரா இருந்தா ரொம்ப நல்லது. படிச்சிட்டு போன் பண்ணுங்க சார், என் நம்பர் உறுப்பினர் பட்டியல்ல இருக்கு.