முதலில் ஒரு சுவர் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கிய பழைய காரின் படத்தை இங்கே போட்டதும் அதன் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வாழ்த்தியவர்களுக்கு நன்றி. "மின்சாரக் கார் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் பெட்ரோல் காரா? கணக்குப் போடத் தெரியாதவர்கள்தான் அதை வாங்குவார்கள்" என்று எழுதிய நண்பருக்கும், அதற்குச் சிரிப்புக்குறி போட்ட நாற்பத்து மூன்று பேருக்கும்தான் இந்தப் பதில். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு ஜவுளிக்கடையின் கணக்கை எழுதிப் பிழைக்கிறவன் நான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்துப் போயிருப்பேன்.

கணக்கையே முதலில் பார்ப்போம். ஓட்டும் செலவில் மின்சாரக் கார் மலிவு என்பதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. நூறு ரூபாய்ப் பெட்ரோலில் என் கார் ஊருக்குள் பதினைந்து கிலோமீட்டர் ஓடும். அந்தத் தூரத்துக்கு மின்சாரக் காருக்கு இரண்டரை யூனிட் போதும். வீட்டுக்காரர் எங்களிடம் யூனிட்டுக்கு வாங்கும் எட்டு ரூபாய் விலையில் பார்த்தாலும் இருபது ரூபாய்தான். சரி, அந்த இரண்டரை யூனிட்டை எந்தச் சுவரிலிருந்து எடுப்பது? காசுக்கு முன்பே ஒரு சுவர் வேண்டும். அதில் பதினைந்து ஆம்பியர் பிளக் வேண்டும். அதற்கு எட்டும் தூரத்தில் இரவு முழுவதும் கார் நிற்க இடம் வேண்டும். நான் மதுரையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். என் கார் தெருமுனை வேப்பமரத்தடியில் நிற்கிறது.

முயற்சி செய்யாமல் பேசவில்லை. கார் வாங்குவதற்கு முன் வீட்டுக்காரரிடம் போய், கீழே ஒரு பிளக் போட்டுக்கொள்ளலாமா, செலவு என்னுடையது என்று கேட்டேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர், எங்கள் பங்கை அளக்க ஒரு சப்மீட்டர். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101ஆவது யூனிட்டிலிருந்தே விலை ஏறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். "சார், ஏசி போட்டப்பவே நான் ஒன்றும் சொல்லவில்லை" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும்.

சாலையோரச் சார்ஜர்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. மே மாதம் மைத்துனரின் மின்சாரக் காரில் சென்னைக்குப் போனோம். திருச்சியைத் தாண்டி நிறுத்திய இடத்தில் இரண்டு இணைப்புகளில் ஒன்று வேலை செய்யவில்லை. மற்றொன்றில் முழுவதும் ஏறி முடிந்த கார் ஒன்று நிற்க, அதன் உரிமையாளர் உள்ளே பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூட்டுவலிக்கார மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மைத்துனர் "அஞ்சே நிமிஷம் அத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஆனால் அவருக்கு இதெல்லாம் வருடத்தில் இரண்டு நாள் தொல்லை. மற்ற நாட்களில் அவர் வீட்டுச் சுவர் இருக்கிறது.

விலைக்கு வருகிறேன். டாடாவின் சிறிய காரான டியாகோவின் மின்சார வகைக்கு 2025இல் தொடக்க விலையே எட்டு லட்சத்தை ஒட்டி இருந்தது. நான் கொடுத்தது இரண்டு லட்சத்து எண்பதாயிரம். பழைய மின்சாரக் கார் வாங்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். பேட்டரிக்கு வாழ்நாள் உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் அதை முதல் உரிமையாளருக்குத்தான் தருகின்றன. ஆனால் மொபெட்டிலிருந்து குளிர்சாதனப் பெட்டி வரை எல்லாவற்றுக்கும் நான் இரண்டாவது உரிமையாளன். பேட்டரியை வாடகைக்கு எடுத்துக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டும் திட்டமும் இருக்கிறதாம். வீட்டுக்குக் கட்டும் வாடகை போதும், ஐயா.

சுற்றுச்சூழல் பற்றிப் பாடம் எடுத்தவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக டவுன் பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனேனே, அப்போது இந்தப் பூமிக்காக எனக்கு யாராவது நன்றி சொன்னீர்களா? அம்மாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக ஒரு கார் வாங்கியதும் நான் குற்றவாளி ஆகிவிட்டேன். 2019 ஆகஸ்ட் முதல் மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ஒரு கோடி ரூபாய்க் காராக இருந்தாலும் அதே 5தான். எங்களைப் போன்றவர்கள் வாங்கும் புதிய சிறிய பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22க்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தன, இப்போது 18 சதவீதம். மின்சாரக் காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் உண்டு. அரசு சலுகை கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவர் இருப்பவர்களுக்குச் சலுகையும் சுவர் இல்லாதவர்களுக்கு அறிவுரையும் என்று பிரித்துக் கொடுப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பொறாமை என்று சிலர் எழுதுவார்கள். கொஞ்சம் பொறாமையும் இருக்கலாம். மைத்துனரின் கார் சத்தமில்லாமல் கிளம்பும்போது நானும் ஆசையோடுதான் பார்க்கிறேன்.

அந்த நண்பர் மதுரைக்காரர் என்று அவர் பக்கத்தில் பார்த்தேன். பன்னிரண்டாயிரம் வாடகைக்குள், தரைத்தளத்தில் கார் நிறுத்த இடமும் ஒரு பிளக்கும் இருக்கிற வீட்டை அவர் காட்டட்டும். அன்றைக்கே அட்வான்ஸோடு வருகிறேன்.