உஷார் பேர்வழி

சித்தப்பா: மீனா, சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நிக்க மாட்டேங்குது. பேட்டரி செத்துப்போச்சா பாரு.

மீனா: குடுங்க. இது என்ன, பின்னாடி கேமராவுல பிளாஸ்திரி?

சித்தப்பா: யாரும் வேவு பாத்துடக் கூடாதுல்ல. பிரைவசி விஷயத்துல சித்தப்பா ரொம்ப உஷாரு!

மீனா: சரி, செட்டிங்ஸ்ல பிரைவசி டாஷ்போர்டு பாப்போம். ஆண்ட்ராய்டு 12லேர்ந்து இருக்கு. 24 மணி நேரத்துல எந்த ஆப் எப்ப லொகேஷன், மைக், கேமராவத் தொட்டுச்சுன்னு காட்டிடும்... டார்ச் ஆப்பு. ராத்திரி 2.10க்கு லொகேஷன், 2.30க்கு லொகேஷன், 2.50க்கு...

சித்தப்பா: அந்நேரம் நான் தூங்கிட்டிருந்தேனே!

மீனா: அது அதுக்கும் தெரிஞ்சிருக்கும். ‘எப்போதும் அனுமதி’ குடுத்து வச்சிருக்கீங்க.

சித்தப்பா: தெரியாம கை பட்டிருக்கும்மா.

மீனா: படாது. அந்த அனுமதிய இப்பல்லாம் செட்டிங்ஸ்க்குள்ள தேடிப் போய்த்தான் குடுக்க முடியும்.

சித்தப்பா: ‘இன்னும் ஒரு படிதான்’னு கேட்டுச்சு. பாவமா இருந்துச்சு, முடிச்சுக் குடுத்தேன்.

மீனா: மறுக்க பட்டன் இல்லையா?

சித்தப்பா: ‘ஏற்கிறேன்’ மட்டும் பச்சையில பளிச்சுன்னு இருந்துச்சு.

மீனா: ‘மேலும் விருப்பங்கள்’ சாம்பல் கலர்ல பொடி எழுத்துல கிடந்திருக்கும். உள்ள போனா எல்லாத்துக்கும் அவங்களே டிக் போட்டு வச்சிருப்பாங்க. அப்படி முன்னாடியே டிக் போட்டது சம்மதமே இல்லைன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2019லயே சொல்லியாச்சு.

சித்தப்பா: டார்ச்சுக்கு நான் எங்க தூங்குனா என்ன?

மீனா: டார்ச்சுக்கு ஒண்ணுமில்ல, உள்ள உக்காந்திருக்கிற விளம்பர எஸ்டிகேவுக்கு வேணும். அது விளம்பரக் கம்பெனி எழுதிக் குடுத்து, ஆப்புக்குள்ள சேர்த்து வச்ச புரோகிராம். ஆப்புக்குக் குடுத்த அனுமதி அதுக்கும் சேர்த்துத்தான். 2013ல அமெரிக்காவுல ஒரு டார்ச் ஆப் மாட்டுச்சு. சம்மதமான்னு கேட்டு நீங்க பதில் சொல்றதுக்குள்ளயே லொகேஷனையும் டிவைஸ் ஐடியையும், அதாவது போனோட அடையாள எண்ணையும், அனுப்பிடுமாம்.

சித்தப்பா: பந்தியில உக்கார வச்சுட்டு, வருவீங்களான்னு கேட்ட கதையால்ல இருக்கு!

மீனா: போன்லயே டார்ச் இருக்கும்போது இது எதுக்கு?

சித்தப்பா: அது கொஞ்ச நாளா மங்கலா எரியுது. இது ‘பத்து மடங்கு வெளிச்சம்’னு போட்டிருந்தான்.

மீனா: பிளாஸ்திரி பிளாஷையும் சேர்த்து மூடியிருக்கு, சித்தப்பா.

சித்தப்பா: ...

மீனா: பிச்சாச்சு, எரியுது பாருங்க. ஆப்பத் தூக்கிட்டேன். பிரைவசிக்குள்ள ‘விளம்பரங்கள்’ போய் விளம்பரக்காரங்க உங்க போன அடையாளம் பாக்குற விளம்பர ஐடியையும் அழிச்சாச்சு.

சித்தப்பா: அப்ப தொல்லை விட்டுச்சு!

மீனா: போன்ல விட்டுச்சு. ஏற்கெனவே போனது அவங்க சர்வர்லயேதான் இருக்கும். அழிக்கச் சொல்லி எழுதணும். பிரைவசி பாலிசி கடைசியில ஈமெயில் இருக்கு.

சித்தப்பா: எழுதிடு. என்ன வேணுமாம்?

மீனா: முழுப் பேரு, போன் நம்பரு, போட்டோவோட அடையாள அட்டை நகல்.

சித்தப்பா: அட, அது ஒண்ணுதான் அவன்கிட்ட இல்லாம இருந்துச்சு!