இன்சுலினைத் தூக்கி எறிவது விசுவாசம் இல்லை

சுகமளிக்கும் கூட்டத்து அந்த மேடை வீடியோவை நான் இங்கே மறுபடி பகிரப் போவதில்லை. எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பையன் இன்சுலின் பேனாவை மேடையில் போட்டுவிட்டு "இனி இது வேண்டாம்" என்கிறான். கூட்டம் அல்லேலூயா சொல்கிறது. பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. அது விசுவாசம் இல்லை. கர்த்தரைப் பரீட்சை பார்ப்பது.

யாத்திராகமம் 17-ஐ எடுத்துப் படியுங்கள். ரெவிதீமில் இஸ்ரவேல் ஜனங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. தாகம் பாவம் இல்லை, அழுவதும் பாவம் இல்லை. 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்றுதான் தொடங்குகிறது. அதை யாரும் அவிசுவாசம் என்பதில்லை. ஆனால் ரெவிதீமில் "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா" என்று கேட்டார்கள். தண்ணீர் வந்தால்தான் அவர் இருக்கிறார் என்று நிபந்தனை வைத்தார்கள். முந்தின அதிகாரத்தில் வானத்திலிருந்து வந்த மன்னாவை ஆளுக்கு ஓர் ஓமர் அளவு சேர்த்துத் தின்ற அதே ஜனங்கள்! அதனால்தான் அந்த இடத்துக்கு மாசா, அதாவது பரீட்சை, என்று பேர் வந்தது.

இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதி, தூதர்கள் காப்பார்கள் என்று பிசாசு சொன்னதும் வேதவசனம்தான், 91-ஆம் சங்கீதம். அதில் "உன் வழிகளிலெல்லாம்" என்பதை மட்டும் விட்டுவிட்டான். இறங்கப் படி இருக்கும்போது குதிப்பது நம் வழி இல்லை. இயேசு குதிக்கவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்றார்.

இனி அந்தப் பையனின் உடம்பில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் வகையில் உடம்பு இன்சுலினை ஏறக்குறைய சுரப்பதே இல்லை. முந்தின இரவு போட்ட நீண்டநேர ஊசி மறுநாளும் வேலை செய்யும். அதனால் மேடையில் அவன் நன்றாகத்தான் இருப்பான், சாட்சியும் உண்மைபோலவே இருக்கும். அது தீர்ந்ததும் இரத்தத்தில் சர்க்கரை இருந்தும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப்பொருள் சேர்ந்து இரத்தம் அமிலமாகும். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, மூச்சில் பழவாடை, பிறகு வேகமான ஆழ்ந்த மூச்சு, மயக்கம். ஓரிரு நாளில் இவ்வளவும் வந்துவிடும். வாந்தியைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு சேரவில்லை என்று வீட்டில் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் வகைக்காரர்கள் மாத்திரையை நிறுத்தினாலும் பல வாரம் ஒன்றும் தெரியாது. "பாருங்கள், நான் சுகம்" என்று சாட்சி சொல்வார்கள். கண்ணும் சிறுநீரகமும் மெதுவாகக் கெடுவதை மேடை பார்ப்பதில்லை. காசநோயும் அப்படித்தான். மருந்து தொடங்கிச் சில வாரத்தில் காய்ச்சலும் இருமலும் குறையும், ஆனால் கிருமி முழுவதும் சாகாது. அதற்குத்தான் வழக்கமாக ஆறு மாத மருந்து. பாதியில் விட்டால் மருந்துக்கு மசியாத காசநோயாகத் திரும்பலாம்.

"அப்போ கர்த்தர் சுகமாக்க மாட்டாரா?" என்று கேட்பீர்கள். ஆக்குவார் என்றுதான் நானும் விசுவாசிக்கிறேன். லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகளுக்கு இயேசு என்ன சொன்னார்? "போய், உங்களை ஆசாரியர்களுக்குக் காண்பியுங்கள்." லேவியராகமம் 14-இன்படி ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே வந்து பார்க்க வேண்டும், அதன்பின் சுகமானவன் ஏழுநாள் தன் கூடாரத்துக்குப் புறம்பே தங்க வேண்டும், எட்டாம் நாள் பலி. சரிபார்த்தல் வேதத்திலேயே இருக்கிறது. சுகமானால் டாக்டரிடம் போங்கள். சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை பாருங்கள். மருந்தைக் குறைப்பதை அவர் சொல்லட்டும்.

கர்த்தரிடம் அடையாளம் கேட்டுக் கிதியோன் போட்ட தோலை எடுத்துக்கொண்டு வருகிறவர்களே, அவன் "உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக" என்று நடுங்கிக் கேட்டான். பணயம் வைத்தது ஓர் ஆட்டுத்தோலை, ஒரு பிள்ளையின் உயிரை அல்ல. "என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்கிற மல்கியா 3:10 தசமபாகத்தைப் பற்றிய வசனம். அதை மருந்துச் சீட்டின்மேல் ஒட்டாதீர்கள்.

"உனக்கு டாக்டர்மேல்தான் நம்பிக்கை" என்கிறார்கள். சாகும் வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தரே சொன்ன பிறகும் தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். தன்னோடு ஊழியத்தில் இருந்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் குறைவா? தன் மாம்சத்தில் இருந்த முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்க மூன்றுமுறை வேண்டியும் "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தானே வந்தது? சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் தேவன் "விடுவிக்காமற்போனாலும்" ராஜாவின் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். அவர்களைச் சூளையில் போட்டார்கள். அவர்களாகப் போய்க் குதிக்கவில்லை.

என்னை இதைவிட வாட்டுவது அடுத்து நடப்பது. பிள்ளை ஐசியுவில் கிடக்கும்போது அந்த மேடைக்காரர் வரமாட்டார். வேறு யாராவது வந்து தாயிடம் "உங்கள் விசுவாசத்தில் குறை" என்பார்கள். பிள்ளையை அடக்கம் செய்த தாயிடமும் இதைச் சொல்கிறார்கள். அவள் விசுவாசித்ததால்தான் ஊசியை நிறுத்தினாள்! சொன்னவர் யார்? பொறுப்பேற்க வேண்டியவர் யார்? அடுத்த ஊரில் அடுத்த கூட்டத்துக்குப் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. சபை மூப்பர்களே, உங்கள் மைதானத்தையும் மைக்கையும் கொடுத்தீர்களே, நீங்களாவது அந்த வீட்டுக்குப் போனீர்களா?

உங்கள் வீட்டில் யாராவது இப்படி இன்சுலினை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வாந்தியோ வேக மூச்சோ மயக்கமோ இருந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். டிரிப்ஸ், இன்சுலின், பொட்டாசியம் மூன்றையும் இரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும், வீட்டில் முடியாது. கடைசி ஊசி எப்போது போட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வண்டியில் போகும்போது ஜெபியுங்கள், சத்தமாகவே ஜெபியுங்கள்.