நிற்காத வயிற்றுப்போக்கும் எவரும் சொல்லாத பரிசோதனையும்

என் சித்தப்பா தையற்காரர். 2009ஆம் ஆண்டு ஐந்தே மாதங்களில் தம் பேன்ட்டின் இடுப்பைத் தாமே மூன்று முறை பிடித்துத் தைத்துக்கொண்டார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். நாளுக்கு எட்டுப் பத்து முறை தண்ணீராகப் போனதை வீட்டில் நாங்கள் சூடு என்றோம், கடைச் சாப்பாடு என்றோம். அவரும் கூச்சத்தில் பாதியை மறைத்தார். தெருமுனைக் கிளினிக்கிலிருந்து பெரிய தனியார் மருத்துவமனை வரை நான்கு இடங்களில் காட்டினோம். எல்லா இடத்திலும் போக்கை நிறுத்த மாத்திரை கொடுத்தார்களே தவிர, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும்படி ஒருவரும் சொல்லவில்லை. இட்லியை விழுங்கும்போது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வதையும், நாக்கில் தயிராடை போல வெள்ளையாகப் படிந்திருப்பதையும் கவனித்த சித்திதான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த மருத்துவர் நேரே எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார். எச்.ஐ.வி. உறுதியானது. நோய் எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை வெறும் 38 ஆக இருந்தது.

எய்ட்ஸ் என்றால் காசநோயை நினைக்கிற நாம் வயிற்றை மறந்துவிடுகிறோம். நம் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடலின் உட்சுவரை ஒட்டியே இருக்கிறது, எச்.ஐ.வி. உடலில் நுழைந்த சில வாரங்களிலேயே அங்குள்ள சி.டி.4 அணுக்களைப் பெருமளவு அழித்துவிடுகிறது. ரத்தத்தில் எண்ணிக்கை ஓரளவு நன்றாக இருக்கும் ஆண்டுகளிலும் குடலின் பாதுகாப்பு குறைந்தே இருக்கும். 1980களில் உகாண்டாவின் ராக்காய்ப் பகுதியில் இதற்கு 'மெலிவு நோய்' என்றே பெயர் வழங்கியது; ஓயாத போக்கும் உருகும் உடலுமாகத்தான் அம்மக்கள் இந்நோயை முதலில் கண்டார்கள்.

எனக்கு இன்றும் ஆறாதது மலப் பரிசோதனை விஷயம். அதைப் பலமுறை செய்து, ஒவ்வொரு முறையும் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். கிரிப்டோஸ்போரிடியம், ஐசோஸ்போரா போன்ற ஒட்டுண்ணிகள் வழக்கமான பரிசோதனையில் எளிதில் தப்பிவிடும்; இன்னதைத் தேடுகிறோம் என்று லேபுக்குச் சொல்லி, அதற்குரிய சிறப்புச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது சித்தப்பாவுக்கு இருந்தது ஐசோஸ்போரா என்று தெரிந்தது. ஐந்து மாதம் நிற்காத போக்கு, விலை மிகக் குறைந்த கோட்ரிமாக்சசோல் மாத்திரையால் ஒரு வாரத்தில் நின்றது. நாக்கில் வெள்ளையாகப் படிந்து, தொண்டைக்குக் கீழே உணவுக்குழாய் வரை இறங்கியிருந்த பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் கொடுத்தார்கள். பிறகு எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து தொடங்கினார்கள். 2004 ஏப்ரலிலிருந்து அரசு இலவசமாகத் தரும் மருந்து அது. கிரிப்டோஸ்போரிடியமாக இருந்திருந்தால், எதிர்ப்பு சக்தியை மீட்கும் அந்தக் கூட்டு மருந்தே முதன்மைச் சிகிச்சை. குளோரின் போட்ட தண்ணீரிலும் அந்த ஒட்டுண்ணி சாகாது. கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்போது பரவலாகத் தரப்படும் டொலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தோடு, வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் திரவத்தைச் சேர்த்துக் குடிக்காதீர்கள், மருந்து உடலில் சேர்வது குறைந்துவிடும். ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டு இடைவெளி விடுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் போக்கு நிற்காத எவருக்கும், அவர் யார், எப்படிப்பட்டவர் என்று பார்க்காமல், எச்.ஐ.வி. பரிசோதனையை மருத்துவர்களே எடுத்துச் சொல்ல வேண்டும். நோயாளி தவறாக நினைப்பாரோ என்ற தயக்கம் எங்கள் வீட்டில் ஐந்து மாதங்களைத் தின்றது. நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாகக் காக்க 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. 1097 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம்.

சித்தப்பா இன்றும் கடை திறக்கிறார். மருந்து தொடங்கிய மறு ஆண்டு, அந்தப் பேன்ட்டின் மூன்று தையலையும் அவரே உட்கார்ந்து பிரித்தார்.