என் அப்பா விருந்தாளி அல்ல

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் படத்திறப்பில் நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கும் இதற்குள் செய்தி எட்டியிருக்கும். மைக்கைப் பிடித்த அந்தப் பெரியவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். “நாட்டுக்கு நல்ல சிப்பாய், வீட்டுக்கு விருந்தாளி.” நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

என் அப்பா விருந்தாளி அல்ல. தூரத்தில் இருந்தவர் வேறு, விட்டுவிட்டுப் போனவர் வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவர் என் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று பேசியிருக்கக் கூடாது.

1979இல், 19 வயதில், அப்பா நம் நீலகிரி வெலிங்டனில், ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தார். எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் அந்தப் பயிற்சி மையம் வந்துவிடும். பயிற்சி முடிந்ததோடு அந்த அருகாமையும் முடிந்தது. அதன் பிறகு காஷ்மீர், வடகிழக்கு, ராஜஸ்தான் என்று 24 ஆண்டுகள். 2003இல் ஹவில்தாராக ஊர் திரும்பினார். ஒரு ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்தர விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. நேற்று இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள்கூட ரத்தாகாமல் எல்லாமே கிடைத்திருந்தாலும் 2,160 நாள்தான் வருகிறது. ஆறு ஆண்டுகூட இல்லை. அதிலும் ஜம்முவிலிருந்து சென்னை வரவே ரயிலில் மூன்று நாள். அங்கிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ், மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை பஸ். நாளை எண்ணினால் பெரியவர் சொன்னது சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்த நாட்களில் அவர் என்ன செய்தார் என்று எண்ணியது யார்?

விருந்தாளி வந்தால் நடுவீட்டில் உட்காருவார். அப்பா வந்த மறுநாள் காலையிலேயே கூரை மேல் இருப்பார். தகரத்தில் ஆணி தளர்ந்த இடங்களில் தார் வைத்து அடைப்பார். பிறகு விறகு. சீகை மரத்தை வாங்கிப் போட்டு, ஒரு முழம் நீளத்துக்கு வெட்டி, பிளந்து, வெயில் காட்டி, பின்கட்டுச் சுவரோடு ஜன்னல் மறையும் உயரத்துக்கு அடுக்கிவிட்டுத்தான் பட்டாளத்துக்குக் கிளம்புவார். மெல்லிய சிராய்கள் தனியாக ஒரு சாக்கில் இருக்கும், அடுப்புப் பற்றவைக்க. ஜனவரி உறைபனியில் அம்மா அந்த அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக உருவுவார். ஜன்னல் முழுதாகத் தெரிய ஆரம்பித்தால் அப்பா வரும் மாதம் நெருங்கிவிட்டது என்று எனக்கும் தம்பிக்கும் தெரியும். அம்மாவிடம் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் கடிதங்கள். முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது, 56 ஏ.பி.ஓ. என்பதுபோல ஓர் எண்தான் இருக்கும். நான்காம் வகுப்பில் அட்லஸை விரித்து 56 ஏ.பி.ஓ. எங்கே இருக்கிறது என்று டீச்சரிடம் கேட்டேன். அது ராணுவத் தபாலுக்கான எண், இடத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள் என்றார். இடம் தெரியாத அந்த ஊரிலிருந்துதான் என் கணக்குப் பரீட்சை மதிப்பெண்ணுக்குத் திட்டு வரும், தம்பியின் காது வலிக்கு மருந்து போட்டாயா என்று கேள்வி வரும், பச்சைத் தேயிலை விலை என்ன என்ற விசாரிப்பு வரும். இன்லேண்ட் கடிதத்தின் மடிப்பு ஓரத்தில்கூட எழுதியிருப்பார். 1999இல் கார்கில் போர் நடந்தபோது இரண்டு மாதம் கடிதமே இல்லை. அம்மா பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி பார்க்கப் போய், வாசலிலேயே நின்றுவிட்டு வந்துவிடுவார். விருந்தாளிக்காகவா அப்படி நிற்பார்கள்?

சம்பளத்துக்குத்தானே போனார் என்று சிலர் சொல்லுவீர்கள். ஆமாம், சம்பளத்துக்குத்தான் போனார். அதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் நான் கோயம்புத்தூரில் படித்தேன். பென்ஷன் வந்ததே என்பீர்கள். வந்தது. 43 வயதில் ஓய்வு பெற்றவருக்குப் படிக்கும் பிள்ளைகள் இரண்டு. அந்தப் பென்ஷனோடு குன்னூரில் ஒரு கட்டடத்தில் 11 ஆண்டுகள் இரவுக் காவல் பார்த்தார். விடியற்காலை பனியில் நடந்து வந்து, தம்பியை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டுத்தான் படுப்பார். ராணுவக் கேன்டீனில் வாங்கும் மது பாட்டிலைப் பற்றிப் பேசுபவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அம்மா தனியாகக் கஷ்டப்படவில்லையா என்று கேட்டால், பட்டார். அதைச் சொல்ல அம்மாவுக்கு உரிமை உண்டு, மைக் பிடித்தவருக்கு இல்லை.

இது ராணுவத்தைத் தெரியாத ஊரும் இல்லை. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் வந்த ஹெலிகாப்டர் குன்னூர் பக்கத்து நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தபோது, போர்வையை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் நம் மக்கள். உடல்கள் சென்ற வழியெல்லாம் நின்று பூத் தூவினார்கள். அந்த மனசை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உயிரோடு திரும்பி வந்து, ரேஷன் கடையில் நமக்குப் பின்னால் வரிசையில் நின்றவனைப் பற்றி மட்டும் ஏன் வாய்க்கு வந்ததைப் பேசுகிறோம்? இப்போது நான்கு ஆண்டு அக்னிபாத் ராணுவ வேலைக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் நம் மலைப் பிள்ளைகளையும் நாளை இப்படித்தான் பேசுவோமா?

இவ்வளவு கோபம் எதற்கு, வாய் தவறி வந்த ஒரு வார்த்தைதானே என்று தம்பியே கேட்டான். அவனுக்கும் தெரியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த வார்த்தையை அப்பாவிடம் முதலில் சொன்னது நான்தான். எனக்கு அப்போது 16 வயது. பத்தாம் வகுப்பு முடிவு வந்தபோது அவர் இல்லை. ஒரு மாதம் கழித்து விடுப்பில் வந்து, எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தார். “விருந்தாளிக்கு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த மதிப்பெண் பட்டியலை மடிப்பு கலையாமல் உறைக்குள் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். அன்று இருட்டும்வரை கோடாலிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதுவரை “இப்படிக்கு, அப்பா” என்று முடித்தவர், அடுத்த கடிதத்தில் “இப்படிக்கு, நம் வீட்டு அப்பா” என்று எழுதினார். ஓய்வு பெறும்வரை ஒரு கடிதத்தில்கூட அதை மாற்றவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டும் என்று நினைத்த ஒவ்வொரு தடவையும் அவர் வேறு ஏதோ பேசிப் பேச்சை மாற்றிவிட்டார்.

பெரியவரே, மேடை ஏறி மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வாருங்கள். அம்மாவிடம் அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா உங்களுக்குத் தேநீர் கொடுப்பார், பழைய விஷயம் எதையும் பேசமாட்டார். நான் அந்தக் கடிதங்களை எடுத்து வைத்திருக்கிறேன். படித்துவிட்டுப் போங்கள்.